காய்கறிக்காரர் அத்தைக்குக் கொடுத்த பூ

நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். போன மாதம் நான் சீனாவுக்குப் போய்வந்த படங்களை வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டபோது, தலையில் பூ வைத்த சீனப் பெண்களின் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் அதிகம் ரசித்தீர்கள். “நம்ம பொம்பளைங்க மாதிரியே இருக்காங்களே” என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த சீன ஆசிரியை ஒருவர், தன் அப்பா பிறந்த மண்ணை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம், இப்போது விசாவும் தேவையில்லை, வா போவோம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஃபூஜியன் என்பது தென்கிழக்குச் சீனாவில் கடலை ஒட்டிய மாநிலம். மலாக்காவில் நாம் பார்த்து வளர்ந்த ஹொக்கியன் சீனர்களுக்கு அதுதான் பூர்வீகம். மலைகள் கடலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன. சரிவெல்லாம் தேயிலை. கீழே இறங்கினால் சிவப்புச் செங்கல் வீடுகள், இரண்டு முனையும் குருவி வால் மாதிரி மேலே வளைந்த கூரைகள். கடல் நீலமாக இல்லை, சேற்றுப் பச்சை. தண்ணீர் வடிந்த நேரத்தில் மைல் கணக்கில் சேறும், சிப்பி வளர்ப்பதற்காக நட்டு வைத்த கற்களும்தான் தெரிகின்றன.

சுவான்சோ என்ற நகரத்தில் ஒரு பழைய பௌத்தக் கோயிலுக்குப் போனோம். அதன் பின்பக்கத்து இரண்டு கல் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். கண்ணன் இருக்கிறான். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் ஊர் வணிகர்கள் கப்பலில் வந்து அங்கே குடியிருந்து கோயில் கட்டினார்களாம். அது அழிந்தபின் அதன் கற்களை இங்கே எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்து வெட்டிய ஒரு கல்லையும் காட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் புரியவில்லை. தோழிக்குப் பெருமை தாங்கவில்லை. “பார், உங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு முதலிலேயே வந்துவிட்டார்கள்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரை எல்லாம் சுற்றுலாதான்.

மறுநாள் நகரத்துக்குப் பக்கத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஒரு மீனவர் கிராமத்துக்குப் போனோம். அங்கே வீட்டுச் சுவர்களைச் சிப்பி ஓடுகளால் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். வரிசை வரிசையாக, மீன் செதில் மாதிரி, சாம்பல் நிறத்தில். அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பெண்களைப் பார்த்தேன். எழுபது வயதுக் கிழவி சிப்பி உடைத்துக்கொண்டிருக்கிறார், தலையில் கொண்டையைச் சுற்றிப் பூவளையம். பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண் தலையிலும் அதே வளையம். நாம் கட்டுவது போலச் சரமாகத் தொங்கவிடுவதில்லை. மொட்டுகளை நெருக்கமாக நூலில் கோத்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிந்து, வட்டமாக்கிக் கொண்டையில் மாட்டுகிறார்கள்.

பூ விற்ற அம்மாவிடம் தோழி ஹொக்கியனில் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மா மொட்டு கோத்தபடியே ஏதோ சொன்னார். தோழி எனக்குச் சொன்னார்: “பெண் பிள்ளை தலையில் பூ இல்லாமல் வெளியே போனால், இவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்பார்களாம்.”

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துத் தோழி தண்ணீர் வாங்கி வந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாக்காவின் ஜாசினுக்கு உள்ளே நம் தோட்டத்தில், ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கிற மாதங்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காட்டுக்குள் நடந்தால் சருகு கணுக்கால் வரை வரும். மரத்தில் பால் குறைந்துவிடும், பெரியவர்கள் சீக்கிரம் வேலை முடித்து வந்துவிடுவார்கள். பகலெல்லாம் ரப்பர் கொட்டை படீர் படீரென்று வெடித்துத் தகரக் கூரையில் விழும். புகைக்கூண்டில் காயும் ரப்பர் பால் தகடுகளின் வாடை லயத்து வீடுகள் முழுக்க நிற்கும்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஆனால் கூடப் பிறந்தவர் இல்லை. அப்பாவைப் பெற்றவர்கள், பிறந்து சில நாளே ஆன சீனக் குழந்தையை வாங்கி வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பேர் அப்படி இருந்தார்கள்தானே. நிறமும் கண்ணும்தான் சீனம். மற்றபடி அத்தைக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாது. வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூசத்துக்குப் பால்குடம், விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது, எல்லாம் நம் பெண்களைப் போலவே. பெற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் அவரை வளர்த்திருந்தார்கள். அத்தையும் அதைக் கேட்டு ஆராய்ந்ததில்லை. எனக்கு அவர் அத்தை மட்டுமில்லை, சிநேகிதி. அவர் பக்கத்தில்தான் படுப்பேன். வளர்த்த தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அப்பாவுக்கு அத்தை மேல் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. பத்தொன்பது வயதாகிவிட்டது, நல்லபடியாக ஓர் இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்ற பயம்.

காய்கறிக்காரர் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நம் பக்கம் வந்தார். ஆற்றோரத்தில் தோட்டம் போட்டு, தனியாக ஒரு குடிசையில் இருந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடை. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் முன்பல் இரண்டு போய், வெயிலில் வற்றிக் கிழவர் மாதிரி இருப்பார். எல்லோரும் அவரை ‘அப்பேக்’ என்றுதான் கூப்பிட்டோம், வயதான சீனரைக் கூப்பிடுகிற மாதிரி. “சாயோர், சாயோர்” என்று, காய்கறிக்கான மலாய்ச் சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருவார், கத்தமாட்டார். எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூடையிலிருந்த பயற்றங்காயை எடுத்து எடுத்துத் திரும்ப அடுக்குவார். அத்தை வேலையிலிருந்து வந்து குழாயடிக்குப் போகும்வரை அந்த அடுக்கல் முடியாது.

எனக்கு அவரைப் பிடிக்கும். பாதி மலாய், பாதி தமிழ் கலந்து கதை சொல்வார். தன் ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு என்பார். நான் நம்பமாட்டேன். “புயல் வந்தா செங்கல் விழும். சிப்பி விழாது” என்பார். கடலுக்குப் போகிற ஆண்கள், சேற்றில் இறங்குகிற பெண்கள், கப்பல் ஏறும்போது அம்மா மடியில் கட்டிக்கொடுத்த வறுத்த கடலை, எல்லாம் சொல்வார். எந்தக் கதையைச் சொன்னாலும் கண் மட்டும் குழாயடிப் பக்கமே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பயற்றங்காய்க் கட்டோடு சேர்த்து வாழை இலையில் மடித்த ஒரு பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்தார். உள்ளே மல்லிகை மொட்டு. சரமாக இல்லை, வளையமாக.

“தங்கச்சி, தலையில வை” என்றார்.

அத்தைக்குச் சிரிப்பு. “இது என்னாலா, வளையல் மாதிரி?” என்று கையில் போட்டுப் பார்த்தார். பிறகு கொண்டையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். எல்லோரும் பார்த்தார்கள். அம்மாகூட, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கொடுத்தார். எனக்கு இல்லையா என்று கேட்டேன். அடுத்த வாரம் என்று சிரித்தார். அடுத்த வாரமும் பூ அத்தைக்குத்தான் போனது. எனக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு. செடியில் மொட்டு அவ்வளவுதான் இருந்ததோ, மறந்துவிட்டாரோ, தெரியாது. அத்தை தன் வளையத்தைப் பிரித்துப் பாதியை எனக்குத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று வெள்ளரிப்பிஞ்சைத் தூக்கி எறிந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“அப்பேக் அத்தைக்குப் பூ கொடுக்கிறாரும்மா” என்றேன்.

“தெரியும். பார்த்தேனே.”

அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது போதவில்லை. என் வாயிலிருந்து அடுத்த வார்த்தை எப்படி வந்தது என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்துப் பார்க்கிறேன். “யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. ஆத்தோரம் வரச் சொல்லி அத்தையைக் கூப்பிட்டாரு” என்றேன்.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

என் தலையில் இருந்த அம்மாவின் கை நின்றது. “நீ உன் காதால கேட்டியா?”

“கேட்டேன்.”

அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா கோபக்காரர் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த வாரம்தான் அத்தையை ஒரு லாரி ஓட்டுநருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அப்பா அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தை, “பூதான் அண்ணே கொடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்லலா” என்றார். ஆற்றோரம் வரச் சொன்னானா என்று அப்பா கேட்டதும் அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விழித்த விழிப்பையே குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா அவர் கொண்டையிலிருந்த பூவை இழுத்து அடுப்பில் போட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் வேலை விட்டு வந்ததும் அப்பா, பக்கத்து வீட்டு மாமா இருவரை அழைத்துக்கொண்டு, பந்துத் திடலுக்குப் பக்கத்துச் சின்னப் பாலத்தில் போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். காய்கறிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தார். முதல் அடி அந்தச் சிரிப்பின் மேல்தான் விழுந்தது.

கூடைகள் கவிழ்ந்தன. கீரையை மிதித்தார்கள். சைக்கிளை வாய்க்காலில் தூக்கிப் போட்டார்கள். அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாரே தவிர, திருப்பி அடிக்கவில்லை. “அனாக்... அனாக்...” என்று மட்டும் சொன்னார். பிள்ளை, பிள்ளை என்று மலாயில்.

“பிள்ளை மாதிரின்னு சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறியா?” என்று அப்பா இன்னும் ஓங்கி அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியது. மற்றொரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னேன் என்று அப்போதாவது கத்தியிருக்கலாம். வீட்டுக்கு ஓடிவந்து, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரெசர் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். அத்தை குழாயடிக்குப் போயிருந்தார். நான் சமையல்கட்டில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“நீர் அடிச்ச மனுசன் ஆரெண்டு தெரியுமோ உமக்கு?” என்று அப்பாவிடம் கேட்டார் டிரெசர். “நான்தான் தையல் போட்டு விட்டனான். அந்த முகத்தை எனக்கு மறக்காது. பெண்சாதி பிள்ளை பெத்துச் செத்துப்போக, பத்து நாள் பிள்ளையைத் துணியில சுத்திக்கொண்டு வந்தவர். உம்மட அம்மா மடியில பிள்ளையை வச்சது என்ர கண் முன்னாலதான்.”

அப்பா ஸ்டூலை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“பிள்ளைக்கு ஒருநாளும் தெரியக்கூடாதெண்டு உம்மட அப்பா கேட்டவர். ஓமெண்டு சொல்லிப்போட்டுப் போனவர், பத்தொன்பது வருசம் இந்தப் பக்கம் வரேல்ல. இப்ப தள்ளி நிண்டு பாத்திட்டுப் போகலாம் எண்டு வந்தவராம். நேற்றும் எனக்கு அதைத்தான் சொன்னவர். பிள்ளையிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டு.”

டிரெசர் போன பிறகு அப்பா நெடுநேரம் ஸ்டூலிலிருந்து எழவே இல்லை. பிறகு ஒரு சேவலைப் பிடித்துக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனார். சாயங்காலம் அந்தச் சேவலோடேயே திரும்பி வந்தார். குடிசை திறந்து கிடந்ததாம். ஆள் இல்லை. பாத்திகள் தண்ணீர் இல்லாமல் வாடியிருந்தனவாம். மூவாருக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார். சிங்கப்பூரில் கப்பலேறிச் சீனாவுக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அப்பா வாய்க்காலில் இறங்கி அந்தச் சைக்கிளை எடுத்து வந்து, வளைந்த சக்கரத்தை நிமிர்த்தி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். நாங்கள் தோட்டத்தை விட்டு வரும்வரை அது அங்கேயே துருப்பிடித்து நின்றது. ஒருவரும் ஏறி ஓட்டியதில்லை.

“அவகிட்ட சொல்லிறலாமே” என்று அம்மா கேட்டார்.

“கல்யாணம் முடியட்டும்” என்றார் அப்பா.

கல்யாணம் முடிந்தது. குழந்தை பிறக்கட்டும் என்றார். பிறந்தது. பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டார். அத்தை எங்களை விட்டுவிட்டு அவரைத் தேடிப் போய்விடுவார் என்று அப்பா பயந்தார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. யாரை அடித்தோம் என்று தங்கையிடம் தன் வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான். அப்பா போய் இருபது ஆண்டு ஆகிறது. அம்மாவும் இல்லை. டிரெசரும் இல்லை. அதன்பிறகு இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் கல்லூரிக்குப் போனேன், ஆசிரியை ஆனேன், பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஆண்டுக்கு நான்கு தடவையாவது அத்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

சீனாவிலிருந்து வந்த மூன்றாம் நாள் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். அத்தை அங்கே மகன் வீட்டில்தான் இருக்கிறார். மாமா இறந்து ஆறு ஆண்டாகிறது. பேரன் தொழிற்சாலைச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “பெரியம்மா வாங்க, பாட்டி டப்பூர்லதான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு மோட்டாரில் போனான். அத்தை சமையலறை மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கைப்பேசியில் சிப்பிச் சுவரைக் காட்டினேன். பூ வைத்த பெண்களைக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டிரெசர் சொன்னது, அப்பா சேவலோடு போனது. கடைசியாக என் பொய்யைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல் மாதிரிதான் வந்தது.

அத்தை கீரை ஆய்வதை நிறுத்தவே இல்லை. காம்பு தனியாக, இலை தனியாக.

“அப்போ ஒனக்கு ஒம்போது வயசு” என்றார். “அத விடு. நானும் அந்த வயசுல பொய் சொல்லியிருக்கேன்.”

நான் அழ ஆரம்பித்தேன்.

“அப்புறம் முப்பது வயசாச்சு, நாப்பது வயசாச்சு. அப்போ ஏன்மா சொல்லல? எனக்கு நாப்பது வயசுல அவரு எங்கயாவது உசுரோட இருந்திருப்பாருல்ல?”

கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அத்தை கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “எனக்கு அவரு ஏதாவது பேரு வெச்சிருந்தாரா? ஒங்கிட்டதானே எப்பவும் பேசிக்கிட்டு இருப்பாரு” என்றார்.

சொல்லியிருந்தார். ஒருநாள் குழாயடிப் பக்கம் பார்த்தபடியே, உன் அத்தைக்குச் சீனப் பேர் வைத்தால் இதுதான் பொருத்தம் என்று ஒரு பேரைச் சொன்னார். என்னையும் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். என் நாக்கில் அது புரண்ட விதத்தைக் கேட்டு அவர் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தது கண்ணில் நிற்கிறது. பேர் நிற்கவில்லை. இரண்டு எழுத்தா மூன்றா என்றுகூடத் தெரியவில்லை. அதை அத்தையிடம் சொன்னேன்.

“மெதுவா யோசிச்சுப் பாரு” என்றார்.

யோசித்தேன். ஏதேதோ ஒலிகளை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். என் வகுப்பில் படித்த சீனப் பிள்ளைகளின் பேர்கள்தான் வந்தன. அத்தை என் உதடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. எத்தனையோ ராத்திரி என்னைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டவர்.

“வரல, அத்தை” என்றேன்.

“அந்தப் பூக்காரம்மாகிட்ட, அங்கல்லாம் பொண்ணுங்களுக்கு என்ன பேரு வெப்பாங்கன்னு கேட்டியா?”

“இல்ல.”

அத்தை தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “கேட்டிருக்கலாம்” என்றார்.